பிடுங்கக் கூடாத பல்

திரைச்சீலை தைக்கிற அந்தக் கூடத்தில் அவளுக்குக் கத்தரியக்கா என்று பெயர். ஆளுக்கொரு கத்தரிக்கோல் மேசையில் கிடந்தாலும் அவள் கை அந்தப் பக்கம் போகாது. தையல் ஓடி முடிந்ததும் துணியை வாயருகே தூக்கி, கீழ்வரிசையில் கோரைப் பல்லுக்கு அடுத்த பல்லில் நூலைக் கொடுத்து டக்கென்று அறுத்துவிடுவாள். துணி வெட்டித் தரும் மாஸ்டர் அந்தப் பெயரையும் சுருக்கி, "கத்தரிக்கா" என்று ஒருநாள் கூப்பிட்டுப் பார்த்தார். அவர் தலையில் ஒரு முடி கிடையாது. "பேரு எனக்கு, பளபளப்பு உங்க மண்டைக்கா மாஸ்டர்?" என்று அவள் கேட்டதில் கூடமே மிஷினை நிறுத்திவிட்டுச் சிரித்தது. அதற்குப் பிறகு மாஸ்டர் மரியாதையாக அக்கா என்றே கூப்பிட்டார்.

அந்தப் பல்தான் வலிக்க ஆரம்பித்தது.

நமக்கெல்லாம் பல் வலித்தால் கொஞ்ச நாள் பொறுத்துப் பார்ப்போம், உப்புத் தண்ணீர் கொப்பளிப்போம், தாங்க முடியாமல் போனால் பிடுங்கிப் போட்டுவிட்டு வந்துவிடுவோம். அவளுக்கு அந்தக் கடைசி வழி அடைத்துக் கிடந்தது. பல்லைப் பிடுங்கினால் தாடை போகும். பிடுங்குவதற்காக, எலும்புக்குப் போட்டுக்கொள்கிற ஊசியை நிறுத்தினால் முதுகு போகும். இரண்டுக்கும் நடுவில்தான் அந்த நல்ல மனுஷி மாட்டிக்கொண்டாள்.

சில வருடங்களுக்கு முன்னால் அவளுக்கு மார்பில் கட்டி வந்தது. அறுத்து எடுத்தார்கள். மருந்து ஏற்றினார்கள். முடி கொட்டியது, மறுபடி முளைத்தது. கடவுள் காப்பாற்றினார் என்று சொல்லி வேலைக்குத் திரும்பினாள். ஆனால் இடுப்பு வலி விடாமல் இருந்ததால் படம் எடுத்துப் பார்த்தார்கள். மார்பில் இருந்தது சத்தமில்லாமல் கிளம்பிப் போய் முதுகெலும்பிலும் இடுப்பெலும்பிலும் குடியேறியிருந்தது. அன்று முதல் கட்டிக்குத் தினமும் ஒரு மாத்திரை, எலும்புக்கு மாதம் ஒரு ஊசி.

முதல் ஊசி போடும் அன்று டாக்டரம்மா அவளை உட்காரவைத்துப் பேசினார். இதமாகப் பேசுகிறவர்.

"என்ன வேலை பாக்கறீங்க?"

"தையல்ங்க டாக்டர்."

"நல்லதாப் போச்சு. பழைய துணியை அளவு மாத்தணும்னா என்ன பண்ணுவீங்க?"

"முதல்ல பழைய தையலைப் பிரிக்கணும். பிரிச்சாத்தானே புதுசா ஓட்ட முடியும்?"

"எலும்புலயும் அதேதான் நடக்குது. பிரிக்கிற செல்லுன்னு ஒரு கூட்டம், தைக்கிற செல்லுன்னு ஒரு கூட்டம். நீங்க தூங்கினாலும் அதுங்க தூங்காது. ஒடிஞ்ச எலும்பு கூடுறதும் அப்படித்தான். இப்ப பிரி, இங்க பிரின்னு சேதி சொல்றதுக்கு ஒரு புரதம் இருக்கு. ரேங்க்-எல்னு பேரு."

"நான் பள்ளிக்கூடத்துலயே ரேங்க் எடுத்ததில்லையே டாக்டர்."

டாக்டரம்மா சிரித்துவிட்டார். பிறகு முகம் மாறிச் சொன்னார்: "உங்க எலும்புக்கு வந்திருக்கிற கட்டி அந்தச் சேதியை வச்சே பொழைக்குது. எலும்புல இருக்கிற செல்லுங்களைத் தூண்டிவிட்டு 'பிரி, பிரி'ன்னு அளவுக்கு மேல சொல்ல வைக்குது. எலும்பு கரையக் கரைய அதுக்கு இடம் கிடைக்குது. கரையற எலும்புக்குள்ள இருந்து வர்ற சத்தும் அதுக்கே தீனி. இந்த ஊசி என்ன பண்ணும்னா, அந்தச் சேதியை வழியிலேயே பிடிச்சு வச்சுக்கும். போய்ச் சேர விடாது."

"அப்ப நல்ல ஊசிதான்."

"நல்ல ஊசிதான். பல்லை மட்டும் ஜாக்கிரதையாப் பாத்துக்கங்க. எங்களைக் கேக்காம எந்தப் பல்லையும் பிடுங்கிடாதீங்க."

எலும்பு ஊசிக்கும் பல்லுக்கும் என்ன சம்பந்தம் என்று அவள் கேட்கவில்லை. வெளியே வரிசை நீளமாக நின்றது. நல்லவரை அதிகம் தொந்தரவு செய்யக் கூடாது என்று எழுந்து வந்துவிட்டாள்.

பல் வலி வந்தபோது முதலில் யாரிடமும் சொல்லவில்லை. கத்தரிக்கோலை எடுத்து நூலை வெட்டினாள். மாஸ்டர் பார்த்துவிட்டு, "என்னக்கா, சொந்தக் கத்தரி மழுங்கிப் போச்சா?" என்றார். சும்மா சிரித்து வைத்தாள். சிரித்தாலும் வலித்தது. வீட்டில் மற்றப் பக்கம் போட்டு மென்றாள். பிறகு மெல்லுவதையே விட்டுவிட்டுக் கஞ்சியாகக் குடித்தாள். படுத்தால் வலி காதுக்கு ஏறும். உட்கார்ந்தால் தாடைக்கு இறங்கும். ஒரு மனுஷியின் உடம்பில் அத்தனை சின்ன இடத்தில் அத்தனை பெரிய வலி எப்படிக் கொள்கிறது என்று அவளுக்கே ஆச்சரியமாக இருந்தது.

அவள் நாத்தனார், அதாவது கணவனின் தங்கை, அதே வீட்டில் இருந்தாள். பல் வைத்தியசாலை ஒன்றில் தரை துடைத்து, தட்டுகளைக் கழுவி வைக்கிற வேலை. அவள்தான் முதலில் கண்டுபிடித்தாள்.

"அண்ணி, முகம் ஒரு பக்கம் பன்னு மாதிரி உப்பியிருக்கு. அண்ணன் பாத்தா வண்டியில ஏத்தி வித்துட்டு வந்துடப் போறாரு."

அண்ணன்காரன் ரொட்டி வண்டி ஓட்டுகிறவன். விடியும் முன்பே எழுந்து கடை கடையாக ரொட்டி இறக்குவது அவன் வேலை.

"உங்க அண்ணன்கிட்ட சொல்லாதே. ஏற்கெனவே என்னைப் பாத்துப் பாத்துப் பயந்துபோய்க் கிடக்காரு."

"சரி, எங்க டாக்டர்கிட்ட வாங்க. ஆனா அங்க வந்து ஊசி கீசின்னு வாயைத் திறக்காதீங்க. பயந்துடுவாரு."

"வாயைத் திறக்காம பல்லை எப்படிடி காட்டுறது?"

போனாள். பல் டாக்டர் இளவயசுக்காரர், சுத்தமான கை. என்ன மருந்து சாப்பிடுகிறீர்கள் என்று கேட்டார். நாத்தனார் துடைப்பத்தைப் பிடித்தபடி கண்ணால் ஜாடை காட்டினாள். ஆனால் நேருக்கு நேர் கேட்கிறவரிடம் பொய் சொல்லக் கத்தரியக்காவுக்கு வரவில்லை. சொல்லிவிட்டாள். டாக்டர் கையில் எடுத்ததை அப்படியே தட்டில் வைத்தார்.

"பல்லு பாதி சொத்தை. மேல மூடி போட்டாலும் நிக்காது, பிடுங்கத்தான் வேணும். ஆனா இந்த ஊசி உடம்புல இருக்கும்போது நான் பிடுங்க மாட்டேன்மா."

"ஏங்க?"

"பிடுங்கின குழியோட ஓரத்துல எலும்பு நசுங்கியிருக்கும். அதை உடம்பு முதல்ல எடுத்துப் போட்டாத்தான் புது எலும்பு வளரும். உங்களுக்கு எடுத்துப் போடச் சொல்ற சேதியையே ஊசி நிறுத்தி வச்சிருக்கு. குழி மூடாம போகலாம். சில பேருக்குத் தாடை எலும்பே செத்து வெளிய தெரியும். எல்லாருக்கும் வராது. வந்தா ரொம்பக் கஷ்டம்."

பிரிக்காமல் தைக்க முடியாது என்று தானே சொன்ன பதில் அவளுக்குள் திரும்பக் கேட்டது. எந்தச் சேதியால் கட்டி பரவுகிறதோ அதே சேதி இல்லாமல் ஒரு பல் குழி கூட ஆறாதாம். இப்படியும் ஒரு பின்னல் உண்டா கடவுளே என்று நினைத்தாள்.

"ஊசியை நிறுத்திட்டு வந்தா பாக்கலாம். ஆனா அதை ஊசி போடுற டாக்டர்தான் முடிவு பண்ணணும்" என்று டாக்டர் முடித்தார்.

அடுத்த முறை ஆஸ்பத்திரிக்குப் போனபோது டாக்டரம்மா விடுப்பு. வேறொருவர் இருந்தார். தலையைத் தூக்காமலே, "ஊசியை நிறுத்தவே கூடாது. பல்லுக்கு வேற வழி இருக்கான்னு பல் டாக்டரைக் கேளுங்க" என்றார். பல் டாக்டரிடம் வந்தால், "அவங்களைத்தான்மா கேக்கணும்" என்றார். இவரிடமிருந்து அவரிடம், அவரிடமிருந்து இவரிடம். பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து வீங்கிய கன்னத்தைக் குளிர்ந்த கண்ணாடியில் வைத்துக்கொண்டு போய் வந்தாள். இருவரும் நல்லவர்கள். இருவர் சொன்னதும் சரி. ஒருவரோடொருவர் பேசிக்கொள்ளவில்லை, அவ்வளவுதான். அவளுக்கும் பேசச் சொல்லிக் கேட்கத் தெரியவில்லை. படித்த பெரியவர்கள் இருவரைப் பேச வைக்க நாம் யார் என்று இருந்துவிட்டாள்.

பிறகு அவள் ஒரு காரியம் செய்தாள். மாதா மாதம் ஊசிக்கென்று கிளம்புவாள். ஆஸ்பத்திரிக்கும் போவாள். ஆனால் ஊசி அறைக்குப் போக மாட்டாள். கீழ்த்தளத்தில், எந்தச் சாமியைக் கும்பிடுகிறவர்களும் உட்காரலாம் என்று ஒரு சின்னப் பிரார்த்தனை அறை இருந்தது. நான்கு பெஞ்சு, ஒரு விளக்கு. அங்கே உட்கார்ந்துகொள்வாள். தையல்கூடத்து மருந்துப் பெட்டியிலிருந்து எடுத்து வந்த பஞ்சை மேல்கையில் வைத்துப் பிளாஸ்டர் ஒட்டிக்கொள்வாள்.

"நான் பொய் சொல்லலை சாமி. பஞ்சுதான் ஒட்டியிருக்கேன்" என்று ஒருமுறை வாய்விட்டே சொல்லிவிட்டாள். பக்கத்துப் பெஞ்சில் அழுதுகொண்டிருந்த ஒரு பெரியவர் திரும்பிப் பார்த்தார்.

நினைப்பு இதுதான்: கொஞ்ச நாளைக்கு ஊசி வேண்டாம். உடம்பிலிருந்து அது இறங்கட்டும். பல்லைப் பிடுங்கிக் குழி ஆறியதும் ஊசியைத் திரும்பப் போட்டுக்கொள்ளலாம். தைத்ததைப் பிரித்துவிட்டுத் திரும்பத் தைப்பதுபோல. தையல்காரி புத்தி அப்படித்தான் போயிற்று.

ஆஸ்பத்திரியிலிருந்து போன் வந்தால், "வெளியூர் வந்திருக்கேன்மா, வந்ததும் வர்றேன்" என்பாள். வீட்டுக்கு வந்தால் கணவன் கையைப் பார்த்துவிட்டு, "வலிச்சுதா?" என்று கேட்பான். "வலிக்கவே இல்லைங்க" என்பாள். அந்த ஒரு வார்த்தை மட்டும் நிஜம். அவன் அந்தப் பஞ்சின் மேல் லேசாகக் கை வைத்துவிட்டுப் போவான். அப்போது அவளுக்குப் பல் வலி மறந்து நெஞ்சு வலிக்கும்.

மழைக்காலம் முழுக்க இப்படியே போனது. பல்லும் சும்மா இருக்கவில்லை. சீழ் கட்டியது, வடிந்தது, மறுபடி கட்டியது. இன்னும் ஒரே ஒரு மாதம் தள்ளிப் போடலாம், அப்புறம் பல் டாக்டரிடம் போகலாம் என்று சொல்லிக்கொண்டே இருந்தாள். பயம். ஊசி எப்போது உடம்பைவிட்டுப் போகும் என்று யாரைக் கேட்பது? கேட்டால் விஷயம் வெளியே வந்துவிடும். தானே கட்டிய அறைக்குள் தானே உட்கார்ந்து உள்பக்கம் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டாள்.

ஒருநாள் கூடத்தில் மண்டபம் ஒன்றுக்கான திரை தைத்து முடிந்தது. கனத்த துணி. "ரெண்டு பேராத் தூக்குங்க" என்று மாஸ்டர் கத்தினார். அவள் ஒரு முனையைப் பிடிக்கக் குனிந்தாள். முதுகின் நடுவில் ஏதோ ஒன்று, பழைய அட்டைப் பெட்டியை மிதித்தால் அமுங்குமே, அப்படி அமுங்கியது. கத்தக்கூட இல்லை. துணி மேலேயே மெல்ல உட்கார்ந்தாள்.

"அக்கா, என்னக்கா?"

"ஒண்ணுமில்ல மாஸ்டர். எந்திரிக்க முடியலை."

ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா படத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். முதுகெலும்பில் இரண்டு கட்டைகள் நசுங்கியிருந்தன.

"ஊசி தவறாம போட்டுக்கிட்டிருந்தாங்களா?" என்று கேட்டார்.

"ஒரு மாசம் விடலைங்க டாக்டர்" என்றான் கணவன். ரொட்டி மாவு ஒட்டிய சட்டையோடு ஓடி வந்திருந்தான். "நானே கையில பஞ்சைப் பாத்திருக்கேன்."

டாக்டரம்மா கம்ப்யூட்டரைப் பார்த்தார். பிறகு அவளைப் பார்த்தார். அவள் கூரையைப் பார்த்தாள். மல்லாந்து கிடந்தவளுக்கு வேறு எங்கே பார்ப்பது?

"நான் போட்டுக்கலைங்க" என்றாள். "கீழ பிரார்த்தனை ரூம்ல உக்காந்துட்டு வந்துடுவேன். பஞ்சு நானே ஒட்டினது."

கணவன் நாற்காலியை ஓசையில்லாமல் நகர்த்திவிட்டு வெளியே போனான். அடித்திருந்தால்கூட அவளுக்குத் தேவலை. கதவோரம் நின்ற நாத்தனார்தான் மூக்கை உறிஞ்சிக்கொண்டு, "எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா அண்ணி? நல்ல பஞ்சா எடுத்துக் குடுத்திருப்பேனே" என்றாள். சொன்ன பிறகுதான் தான் என்ன சொன்னோம் என்று அவளுக்கே தெரிந்தது. முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

டாக்டரம்மா கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தார். "அடக்கி வச்ச சேதி ஊசியை நிறுத்தினா மெல்ல மெல்லத் திரும்பும்னு நினைச்சீங்களா? அப்படி வராதும்மா. அடைச்சு வச்ச கூட்டம் கதவு திறந்ததும் முட்டிக்கிட்டு ஓடி வரும்ல, அப்படி வரும். பிரிக்கிறவங்க எல்லாம் ஒரே நேரத்துல வேலைக்கு வந்துட்டாங்க. எலும்பு தாங்கலை. கட்டிக்கும் அதுதான் கொண்டாட்டம். பல்லுக்காக முதுகைக் குடுத்துட்டீங்க."

அவள் கொஞ்சம் யோசித்தாள். "அப்ப இப்ப உடம்புல ஊசி இல்லை. பல்லையாவது பிடுங்கிடலாமா டாக்டர்?"

சிரிப்பதற்காக அவள் கேட்கவில்லை. டாக்டரம்மாவும் சிரிக்கவில்லை.

"ஊசியைச் சீக்கிரம் போட்டாகணும். போடாம விட்டா அடுத்த எலும்பு நசுங்கும். நரம்பு மாட்டிக்கிச்சுன்னா கால் நடக்காது. பல்லைப் பிடுங்கினா குழி ஆறுற வரைக்கும் ஊசியைத் தள்ளிப் போடணும், அவ்வளவு நாள் உங்களுக்குக் கிடையாது. பல்லுல சீழை வச்சுக்கிட்டு ஊசி போட்டா தாடைக்கு ஆபத்து."

அதாவது, எந்தப் பக்கம் திரும்பினாலும் சுவர். அவள் கண்ணை மூடிக்கொண்டு வேண்டினாள். இன்னது வேண்டும் என்று கேட்கக்கூடத் தெரியவில்லை. பிடுங்க வேண்டும் என்று வேண்டுவதா, பிடுங்க வேண்டாம் என்று வேண்டுவதா? சும்மா "சாமி, சாமி" என்று மட்டும் சொன்னாள். கண்ணைத் திறந்தபோது டாக்டரம்மா நாத்தனாரிடம், "உங்க பல் டாக்டர் நம்பர் வச்சிருக்கீங்களா?" என்று கேட்டுக்கொண்டிருந்தார்.

அந்த இருவரும் பேசியது கொஞ்ச நேரந்தான். பல்லைப் பிடுங்க வேண்டாம், எலும்பைத் தொடவே வேண்டாம் என்று முடிவாயிற்று. வேருக்குள் இருக்கிற அழுகலைச் சுத்தம் செய்து, மருந்து வைத்து அடைத்து, ஈறுக்கு மேலே நிற்கிற சொத்தையைச் சீவி எடுத்துவிடுவது. மூடி போட முடியாத பல்லுக்கு மூடியே வேண்டாம். வேர் உள்ளேயே கிடக்கட்டும். முதலில் சீழ் வற்ற மாத்திரை. அப்புறம் பல். அது முடிந்த கையோடு ஊசி.

இத்தனை காலம் இதைக் கேட்காமல் போனோமே என்று அவளுக்கு அழுகை வந்தது. முதுகு நோகும் என்று அதையும் அடக்கினாள்.

பல் வைத்தியசாலைக்குப் போகிற அன்று புதுச் சங்கடம். கழுத்துக்குக் கீழே இடுப்பு வரைக்கும் விறைப்பான பட்டை கட்டியிருந்தார்கள். காரில் மடங்கி உட்கார முடியவில்லை. ரொட்டி வண்டியின் முன் இருக்கையோ உயரம். கணவன் எதுவும் பேசாமல் வண்டியின் பின்பக்கத் தட்டுகளை ஓரமாக அடுக்கிக் கயிறு கட்டி, நடுவில் மெத்தையைப் போட்டான். நாத்தனாரும் அவனும் சேர்ந்து அவளை ஒரு பலகையில் படுக்கவைத்து அப்படியே தூக்கி உள்ளே வைத்தார்கள். ஆஸ்பத்திரியில் விஷயம் தெரிந்ததிலிருந்து அவன் அவளிடம் தேவைக்கு மேல் ஒரு வார்த்தை பேசியதில்லை. சாப்பாடு ஊட்டுவான், பட்டையை இறுக்கிக் கட்டுவான், போய்விடுவான்.

பல் டாக்டரின் நாற்காலியில் சாய முடியாது. கணவன் அவளை அரைவாசி நின்ற நிலையில் சாய்த்துப் பிடிக்க, டாக்டர் ஒரு முக்காலி மேல் ஏறி நின்று வேலை செய்தார். தாடை மரத்துப் போனது. அரைக்கிற சத்தம் மண்டைக்குள் ஓடியது. நாத்தனார் எச்சில் உறிஞ்சும் குழாயைப் பிடித்தபடி, "இன்னும் கொஞ்சம் அண்ணி, இன்னும் கொஞ்சம்" என்று சொல்லிக்கொண்டே இருந்தாள். முடிந்ததும் கண்ணாடியில் காட்டினார்கள். பல் இருந்த இடத்தில் ஈறு மட்டத்துக்கு ஒரு வெள்ளைப் புள்ளி.

"வேரு உள்ளதான் இருக்கு. அப்படியே இருக்கட்டும்" என்றார் டாக்டர்.

"எத்தனை நாளைக்குங்க?" மரத்த வாயில் வார்த்தை குழறியது.

"நீங்க இருக்கிற வரைக்கும்மா. ஆனா அடிக்கடி காட்டணும். அடுத்த பல்லுல இப்படி ஆகாம பாத்துக்கணும். ஊசி இருக்கிற வரைக்கும் இந்தத் தொல்லை உண்டு."

ஊசி எதுவரைக்கும் என்று அவள் கேட்கவில்லை. அவளுக்குத் தெரியும்.

அங்கிருந்து ஆஸ்பத்திரி. நர்ஸ் ஊசி மருந்தை உறையிலிருந்து எடுத்தாள். கணவன் கட்டில் பக்கத்தில் வந்து நின்றுகொண்டான். ஊசி உள்ளே போய், மருந்து முழுக்க இறங்கி, ஊசி வெளியே வந்து, நர்ஸ் பஞ்சை வைத்து ஒட்டுகிற வரைக்கும் கண்ணை எடுக்கவில்லை. அவளுக்கு அவமானமாக இருந்தது. ஆனாலும் கையை இழுத்துக்கொள்ளவில்லை. பார்க்கட்டும், பார்க்க வேண்டியதுதானே என்று கிடந்தாள்.

"வலிச்சுதா?" என்றான்.

"வலிச்சுதுங்க."

திரும்பி வரும்போது வண்டியின் பின்கதவை வெளியிலிருந்து பூட்டினான். உள்ளே இருட்டு. ரொட்டி வாசனை. கூரை கைக்கெட்டும் உயரத்தில் இருந்தது. இருபுறமும் தட்டுகள் லேசாக ஆடின. திரும்பிப் படுக்கவும் முடியாது, வாய்விட்டுப் பேசவும் முடியாது. தலைமாட்டில் இருந்த இரும்புத் தடுப்புக்கு அந்தப் பக்கம் அவன் ஓட்டிக்கொண்டிருந்தான்.

சாலையில் மேடு வந்தது. வண்டி நின்றுவிட்டது. தடுப்பில் டொக் டொக் என்று தட்டும் சத்தம். அவளுக்கு முதலில் புரியவில்லை. மறுபடியும் தட்டினான். தயாரா என்று கேட்கிறான் எனப் பிறகுதான் பிடிபட்டு, கையை மேலே நீட்டித் தானும் தட்டினாள். வண்டி ஒரு குழந்தையைத் தூக்கி இறக்குவதுபோல மேட்டில் ஏறி இறங்கியது. அடுத்த மேடு. நின்றான், தட்டினான். அவள் தட்டினாள். போனான். பின்னால் வருகிற வண்டிகள் ஹாரன் அடித்துத் திட்டுவது கேட்டது. அவன் அசரவில்லை.

வழியில் அவள் வேண்டுதல் சொல்லிக்கொண்டே கொஞ்சம் கண்ணயர்ந்துவிட்டாள். தட்டியது காதில் விழவில்லை. திடீரென்று பின்கதவு திறந்து வெளிச்சம் முகத்தில் அடித்தது. அவன் மூச்சு வாங்க நின்றான்.

"ஏன் தட்டலை?"

"தூங்கிட்டேங்க."

அவன் அவள் முகத்தையே பார்த்தான். நிஜமா என்று பார்க்கிறான் என அவளுக்குத் தெரிந்தது.

"நிஜமாத்தான்" என்றாள்.

"சரி. தூங்காதே" என்று சொல்லிக் கதவைச் சாத்தி மறுபடி பூட்டினான்.